உயிரோடு இருப்பவருக்கு ஓர் இளைப்பாற்றிப் பூசை

உபதேசியார் அந்தப் பெயரை வாசித்தபோது நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

விடியற்காலைப் பூசை. மூன்றாவது வரிசை, வலது ஓரம், மின்விசிறிக்கு நேர் கீழே. இருபது வருஷமாக அது என் இடம். தெரியாமல் வந்து உட்காரும் வெளியூர்க்காரர்களையும் பின்னாலிருந்து யாராவது ஜாடை காட்டி நகர்த்திவிடுவார்கள்.

பூசை தொடங்குமுன், அன்று அது யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று உபதேசியார் ஒரு பட்டியலை வாசிப்பார். முதலில் நன்றி சொல்பவர்கள், பிறகு நோயாளிகள், கடைசியில் இறந்தவர்கள். அவர் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. பிரியாணி செய்முறை வாசிக்கச் சொன்னாலும் இரங்கல் வாசிக்கச் சொன்னாலும் ஒரே ராகம்தான்.

"நெல்லித்தோப்பு சவரிமுத்து. இவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், மனைவி ரோசாலி."

என் கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை போட்டுக்கொண்டேன். பாவம், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த அம்மா இனிமேல் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தேன். ஒரு பெருமூச்சுகூட விட்டேன்.

அடுத்த இரண்டு பெயர்கள் போன பிறகுதான், அந்த அம்மா நான் என்பது உறைத்தது.

சவரிமுத்து சாகவில்லை. அரைமணி நேரத்துக்கு முன்புதான் அவரை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, இரண்டு மடக்கு வெந்நீர் ஊட்டி, வெளியே பூட்டிக்கொண்டு வந்திருந்தேன். கிளம்பும்போது, "விசிறிய ஒண்ணுல வையி" என்று சொன்ன மனிதர்.

இரண்டு சீட்டு

எங்கள் பங்குக் கோயிலில், பூசை யாருக்காக என்று கருத்துக் கொடுக்க ஒரு முறை உண்டு. அலுவலக ஜன்னலில் சீட்டு வாங்கிப் பெயரை எழுத வேண்டும். கீழே மூன்று வரி அச்சடித்திருக்கும்: நன்றியாக, உடல்நலம் வேண்டி, ஆன்ம இளைப்பாற்றிக்காக. வேண்டாத இரண்டை அடித்துவிட வேண்டும்.

எழுதத் தெரியாதவர்களுக்கும் கண்ணாடி மறந்து வந்தவர்களுக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். முப்பத்திரண்டு வருஷம் துவக்கப்பள்ளி டீச்சராக இருந்தவள். அடிக்கிற கோடுகூட ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். "பாத்து அடிங்க, இருக்கறவங்கள அனுப்பி வச்சிடப் போறீங்க" என்று எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அந்த வாரம் என் கையில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று, மாதாமாதம் என் கணவருக்கு எழுதும் உடல்நலச் சீட்டு. மற்றது அப்பாவின் நினைவு நாளுக்கு. முந்தின நாள் முழுக்க என் கணவரைக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்த அலுப்பு. பெயர்களைச் சரியாகத்தான் எழுதினேன். கோடுகளை மாற்றி அடித்துவிட்டேன்.

ஆக, செத்து முப்பது வருஷமான என் அப்பா மரியநாதனுக்கு அன்றைய பூசையில் உடல்நலம் கேட்கப்பட்டிருக்கிறது. அதை வாசித்தபோது நான் முழுத் தூக்கத்தில் இருந்ததால் காதில் விழவில்லை.

தூக்கக் கலக்கத்தில் வந்த பிசகு என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் பொய் எழுதுவதில்லை என்று முதல் வாரமே சொல்லித் தொலைத்துவிட்டேன்.

என் கணவர் வாதத்தில் விழுந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்து, சைக்கிளிலேயே போய்வந்த உடம்பு. ஒரு காலையில் பல் துலக்கும்போது வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு, வாய்விட்டுச் செபமாலை சொல்லி, "இவருக்குச் சுகம் கொடும் ஆண்டவரே" என்று முடிப்பேன்.

அது வாய் கேட்டது. பின்கட்டில் அவர் படுக்கை விரிப்பை அலசும்போது, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, மனசு வேறொன்று கேட்கும். எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, போதும் என்று கேட்கும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. நிறைய நாள்.

அப்படியானால் சீட்டில் அந்தக் கோட்டை அடித்தது எது, கையா, மனசா? எனக்கே தெரியவில்லை. அவர் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஃபிரிட்ஜ் கதவில்

சில வாரங்களுக்கு முன் ஒரு வாசகி எழுதியிருந்தார். "நீங்கள் நல்ல செபக்காரி என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. ஒழுங்கான செப வாழ்க்கையை வளர்த்துக்கொள்வது எப்படி என்று எங்களுக்கும் சொல்லுங்கள்." அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது, அவர் மேல் இல்லை.

ஒழுங்கு என்னிடம் நிறைய இருந்தது. என் கணவர் விழுந்த வருஷம் ஒரு தியானத்துக்குப் போயிருந்தேன். பிரசங்கம் செய்த சாமியார் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எழுந்ததும் புகழ்ச்சி, மதியம் மனச்சோதனை, மாலையில் செபமாலை, படுக்கும்போது நன்றி என்று நாள் முழுக்கப் பிரித்து அட்டவணை போட்டிருந்தது. நல்ல தாள்தான். குற்றம் சொல்ல எதுவுமில்லை.

அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பக்கத்தில் அவருடைய மாத்திரை அட்டவணை. காலை ஒன்று, மதியம் அரை, இரவு இரண்டு. இரண்டு தாளிலும் பென்சிலால் டிக் போடுவேன். டீச்சர் புத்தி.

ஒரு மதியம், மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிட்டு வந்து மனச்சோதனைக்கு டிக் போட்டிருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆயிற்று. கண்டுபிடித்தும் எனக்கு வருத்தம் வரவில்லை. ஒரு வேலை குறைந்தது என்றிருந்தது.

கோரிமேடு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போதும் செபமாலை சொல்வேன். விழுப்புரம் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். டெட்டால் வாடையும் யாரோ பிரிக்கும் புளிச்சோற்று வாடையும் கலந்து வரும். நாலு மணி உருட்டுவேன், நம்பர் கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பேன், மறுபடி நாலு மணி. அருள் நிறைந்த மாதாவை நான் அந்த நடைபாதையில் நேரம் போக்கத்தான் வைத்திருந்தேன்.

பக்கத்தில் இருந்த ஒரு கிராமத்து அம்மாள் ஒருமுறை, "உங்க சாமி நல்லா கேக்குமாம்மா?" என்று கேட்டாள். "கேக்கும்" என்றேன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நம்பர் பலகையைப் பார்த்துக்கொண்டேன்.

என் அப்பா செபிப்பதே வேடிக்கையாக இருக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். இரவில் முழந்தாளிட்டு, 'நோத்ர் பேர்', அதாவது 'எங்கள் பிதாவே', என்று தொடங்கி முழுக்க பிரெஞ்சில் சொல்வார். பெரிய இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறவர் மாதிரி முதுகு நிமிர்ந்திருக்கும். முடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்ததும் தமிழில் ஒரு முணுமுணுப்பு வரும். "ஏன்யா, பெரிய பொண்ணுக்கு ஒரு வரன் அமைய மாட்டேங்குதே, இன்னா நெனச்சிக்கினு இருக்கற" என்று சண்டைக்குப் போவார். அம்மா போர்வைக்குள் சிரிப்பாள்.

நான் அந்த முணுமுணுப்பை மரியாதைக் குறைவு என்று நினைத்து வளர்ந்தேன். முதல் நற்கருணைக்குத் தயார் செய்யும் புதுநன்மை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கைகூப்பும் கோணத்திலிருந்து சொல்லிக் கொடுத்தேன். அந்த வகுப்பில் படித்தவர்கள் இப்போது வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கை மட்டும் நன்றாகக் கூப்புவார்கள் என்று நம்புகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து என் கணவர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இப்போதும் உயிரோடுதான் இருக்கிறார், எனக்கு இப்போதும் அலுப்பாகத்தான் இருக்கிறது. அவரிடம் படித்துக் காட்டித்தான் இதை அனுப்புகிறேன்.

பூட்டிய வீட்டின் முன்னால் ஒப்பாரி

பூசைக்கு வருவோம். நற்கருணை வாங்காமலே வெளியே ஓடி வந்தேன். ஓடி என்ன பயன்? எங்கள் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. செருப்பை மாட்டுவதற்குள் கைகூப்பிய படங்கள் பதினேழு வந்துவிட்டன. ஒருவர் என் கணவருடைய பழைய போட்டோவைத் தேடிப்பிடித்து, சுற்றி மெழுகுவர்த்தி வைத்துப் போட்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. வீராம்பட்டினத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அஞ்சலை, கூடையை இறக்கிவைத்துவிட்டு, பூட்டிய கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கோயில் வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"கண்ணப் பாரு, செவுளப் பாருன்னு படுத்தபடிக்கே கணக்கு பாப்பியே... சங்கரா மீன சப்ப மீனும்பியே... இனி நான் யாரு கூட சண்ட போடுவேன் எண்ணே..."

நான் அவளைத் தாண்டிப் போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தேன். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. வாதம் வந்த பிறகு அவர் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டுதான் வரும்.

"அஞ்சல. இன்னிக்கி. இன்னா மீனு?"

அஞ்சலையின் ஒப்பாரி பாதியில் நின்றது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"உசுரோட இருந்துக்கினு இவ்ளோ நேரம் கேட்டுக்கினா இருந்த?" என்றாள் கோபமாக.

"நல்லாதான். பாடுன," என்றார்.

அவளுக்கு அழுகை மறுபடி வந்துவிட்டது. கூடையிலிருந்து நாலு சங்கராவை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் உள்ளே போனதும் அவர் என்னைப் பார்த்தார். "யாரோ. கத கட்டிட்டாங்க போல," என்றார். நான் மீனைக் கழுவப் போய்விட்டேன்.

எந்தத் தலைப்பில்?

அன்று வந்தவர்களுக்குக் கணக்கில்லை. அன்பியத்துப் பெண்கள் ரோஜா மாலையோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிடுகிறவரைப் பார்த்துவிட்டு மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். பெங்களூரில் இருக்கும் மகள் போனில் அழுது, பிறகு திட்டி, பிறகு மறுபடி அழுதாள். எல்லோரிடமும், "தூக்கத்துல மாத்தி அடிச்சிட்டேன்" என்றேன். உள்ளே படுத்திருப்பவருக்கும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பத்து மணிக்கு உபதேசியார் வந்தார். முகம் வெளிறியிருந்தது. எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசித்தார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தார்.

"டீச்சர், எழுத்து உங்க எழுத்து. நானும் யோசிக்காம படிச்சிட்டேன். மன்னிச்சிக்குங்க."

"நான்தான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும் உபதேசியாரே."

"நாளைக்கு காலையில சரியா வாசிச்சிடறேன். சாமியாரும் சொல்லிட்டாரு." சட்டைப் பையிலிருந்து புதுச் சீட்டும் பேனாவும் எடுத்தார். "எந்தத் தலைப்புல போடட்டும்? உசுரோட இருக்காருன்னு நன்றியில போடறதா, இல்ல எப்பவும் போல வேண்டுதல்ல போடறதா?"

சாதாரணக் கேள்வி. அவர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். நன்றி என்றால் பொய். சுகம் வேண்டும் என்றால் அதுவும் பாதிப் பொய். மூன்று வரியில் எதை அடிக்காமல் விடுவது என்று தெரியாத ஆள், மூன்று வருஷமாக எதைத்தான் செபித்துக்கொண்டிருந்தேன்?

"சாயங்காலம் சொல்லி அனுப்பறேன்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வெற்றுச் சீட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்.

ஏழு மணி

மாலையில் வழக்கம் போல நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவருடைய நல்ல கையில் ஒரு செபமாலையைக் கொடுத்தேன். தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் இன்னும் அந்த ரோஜா மாலையின் வாடை. மாதா சுரூபத்துக்குத்தான் அதைப் போட்டிருந்தேன்.

சிலுவை அடையாளம் போட்டு முதல் வரியைத் தொடங்கினேன்.

"நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன்.

"சீட்டு. நீதான எழுதின?"

"நான்தான்."

"கை தவறிடுச்சா?"

காலையிலிருந்து இருபது பேரிடம் சொன்ன பதில் நுனி நாக்கில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இல்லை, நம்பியது போல இருந்திருப்பார். பிறகு நான் தினமும் ஏழு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது?

"தூங்கி வழிஞ்சிக்கிட்டுதான் எழுதினேங்க. அது நெசம்," என்றேன். "உங்கள எடுத்துக்கச் சொல்லியும் கேட்டிருக்கேன். அதுவும் நெசம். நெறைய நாளு கேட்டிருக்கேன்."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்கும் தெம்பு இல்லை போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் போர்வையைச் சரி செய்தேன், சரியாக இருந்த போர்வையை.

அவர் நல்ல கையால் அதைத் தள்ளிவிட்டார்.

"நானும் அதத்தான் கேக்கறேன்," என்றார்.

"எத?"

"என்ன எடுத்துக்கச் சொல்லி. மூணு வருஷமா." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ சத்தமா, சொகம் குடு, சொகம் குடுன்னு கேக்கற. நான் படுத்துக்கினு, வாணாம், எடுத்துக்கன்னு கேக்கறேன். ஒரே வூட்லேர்ந்து ரெண்டு மனு. அவரு எதுல கையெழுத்து போடுவாரு?"

அவ்வளவு நீளமாக அவர் பேசி மாதக்கணக்கு ஆகியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. அவருக்கும் வந்தது. கோணிய உதட்டின் வழியாக எச்சில் ஒழுகியது, துடைத்துவிட்டேன். இத்தனை நாள் இந்த மனிதர் சாகக் கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து நான் காது கேளாதவள் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேனே என்று அவமானமாக இருந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றேன்.

"நீ சொன்னியா?"

துடைத்த துண்டை மடிக்க ஆரம்பித்தேன்.

"நீ படற பாட்ட. பாக்க சகிக்கல," என்றார். "அதான் கேட்டேன்."

செபமாலை என் மடியில் கிடந்தது. பைக் ஒருவழியாகக் கிளம்பிப் போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவள், புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை மாதிரி அவரைக் கேட்டேன்.

"அப்ப இன்னிக்கி என்னதாங்க கேக்கறது?"

அவர் நல்ல கையை வயிற்றின் மேல் வைத்தார்.

"வயிறு கட்டிக்கினு கெடக்கு. நாலு நாளா. காலையில நல்லபடியா போவணும்னு கேளு."

"அதையா?"

"அதான் வேணும். வேற எத கேக்க?"

சொல்லவே நாக்குக் கூசியது. மாதா சுரூபத்தை வேறு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். ஆண்டவரே, நாளைக்குக் காலையில் இவருக்கு வயிறு நல்லபடியாகப் போக வேண்டும். அவ்வளவுதான். இரண்டு வரிகூட இல்லை. அதில் ஒரு சொல்கூட எனக்குப் பொய்யாகப் படவில்லை.

"இப்ப நான்," என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார். "இவ இன்னிக்கி. மூணு மணி நேரம். எழுந்திரிக்காம தூங்கணும்."

எனக்காக என் எதிரில் யாராவது செபித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மூன்று வருஷமாக நான் சொன்ன எந்தச் செபத்துக்கும் அவர் ஆமென் சொன்னதில்லை. நாக்கு புரளாததால் சொல்லவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்குச் சொன்னார். எனக்கு முன்னால் சொன்னார்.